மலையகத்தின் ஆரம்பகால மருத்துவமும் அதன் தமிழும்: ஒரு விமர்சன நோக்கு

இலங்கையின் மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் இரண்டு பெருமைகளை மறவாமற் குறிப்பிடுவது வழக்கம். ஒன்று பண்டைய இராசதானிகளுக்குரியது. மிகிந்தலையிற் காணப்படும் கல்லாலான மருந்துத் தொட்டியும், பொலன்னறுவையில் ஆளாகன பிரிவெனாவைச் சார்ந்த மருத்துவமனையின் அகழ்வில் வெளிப்பட்ட கத்தரிக்கோல், இடுக்கி முதலிய சத்திர வைத்தியக் கருவிகளும் அதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகின்றன. மற்றது யாழ்ப்பாணத்துக்குரியது. மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தமையும், அதற்கென நூல்களைத் தமிழில் ஆக்குவித்தமையும் தமிழ்கூறும் உலகில் முன்மாதிரியற்ற முயற்சிகளாகப் போற்றப்படுகின்றன. இவ்விரு பெருமைகளும் தகுதியுடையனவே.

ஆயின் இவ்விரண்டிற்கும் இடையில் ஒரு மலைத்தொடர் கிடக்கின்றது. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, டிக்கோயா, மஸ்கெலியா, திம்புளை, தலவாக்கலை, நுவரெலியா என விரியும் அம்மலைப் பிரதேசத்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் நோயுற்றனர்; மருந்துண்டனர்; பலர் மாண்டனர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட மருத்துவம் யாது, அதன் கருவிகள் யாவை, அம்மருத்துவம் எந்த மொழியிற் பேசிற்று என்னும் வினாக்கள் நம் வரலாற்றெழுத்தில் உரிய இடம் பெறவில்லை. மலையகத்துக்கு மருத்துவக் கருவிகள் வந்தன. அவற்றின் பொருளை நோயாளிக்கு உணர்த்தவல்ல மொழி உடன் வரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மொழியில்லாக் கருவி எவ்வளவு தூரம் மருத்துவமாகும் என்பதை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

ஒரே காலம், இரு பிரதேசங்கள்

ஜோர்ஜ் பேர்ட் என்பவர் 1824 இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கபிட்டியவிற் கோப்பி பயிரிட்டதைத் தொடர்ந்து, 1830களின் பின்னர் மலைநாட்டின் காடுகள் விரைந்து அழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் மலேரியாவும் பசியும் அவ்வழிநடையில் உடன் வந்தன. மலையேறியவருக்கு வாய்த்த குளிரும் ஈரமும், காற்றோட்டமற்ற லயக் காம்பராவும் நோய்க்கு மேலும் இடங்கொடுத்தன.

இதே காலத்திற்றான் யாழ்ப்பாணத்தில் கிறீனின் பணி தொடங்கிற்று. 1822 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த அவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டே மானிப்பாயில் மாணவரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கலானார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழியாயிருந்தது. 1860களில் அவர் அதனைத் தமிழாக மாற்றினார்.

ஆண்டுகளை அருகருகே வைத்து நோக்கின் வியப்பூட்டும் ஒற்றுமைகள் தோன்றுகின்றன. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திற் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். துருயிற் என்பாரின் சத்திர வைத்திய நூல் ‘இரண வைத்தியம்’ என்னும் பெயருடன் கிறீனின் முயற்சியால் தமிழில் வெளிவந்ததும் 1867 இலேயே. 1872 இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென முதற் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என்னும் இரு பெருநூல்கள் தமிழில் அச்சேறியதும் அதே 1872 இற்றான். ஒரே தீவில், ஒரே ஆண்டில், ஒருபுறம் தமிழ் நோயாளருக்கான சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. மறுபுறம் நோயைப் பற்றிய அறிவு தமிழில் எழுதப்படுகின்றது. இவ்விரு எழுத்துகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

கிறீனின் தமிழும் அதன் எல்லையும்

கிறீனின் நூல்களைப் பற்றிய நம் எழுத்துகளிற் பெரும்பாலானவை பாராட்டு நிலையிலேயே நின்றுவிடுகின்றன. கவிஞர் அம்பி 1967 இல் வெளியிட்ட ‘கிறீனின் அடிச்சுவடு’ மறக்கப்பட்டிருந்த ஒரு பெரும்பணியை மீட்டெடுத்தது. அம்மீட்பு நிறைவேறிய பின்னர், அடுத்த தலைமுறையின் கடமை அப்பணியை எடைபோடுவதாகும்.

கிறீனின் மொழிக்கொள்கை தெளிவானது. கலைச்சொல் ஒன்று தேவைப்படுமிடத்து முதலில் தமிழிற் தேடுதல், கிடையாவிடின் வடமொழியை நாடுதல், அதுவும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு இசைய எழுதுதல் என்பதே அது. ‘அங்காதிபாதம்’ என்னும் தலைப்பில் வடமொழியும், 1875 இல் வந்த ‘கெமிஸ்தம்’ என்னும் தலைப்பில் ஆங்கிலமும் முன்னிற்பதைக் காணலாம். ஆயின் சொற்களினும் முக்கியமானது அத்தமிழின் நோக்கம். உடலின் உறுப்பு எவ்விடத்தில் உள்ளது, அதன் தொழில் யாது, அது பழுதுறின் என்ன நிகழும் எனப் படிப்போனுக்கு விளக்கும் தமிழ் அது. காரணமும் காரியமும் கூறும் தமிழாதலின், அதனைக் கற்ற வைத்தியன் தன் நோயாளிக்கு நோயின் காரணத்தைச் சொல்லவும் இயலும்.

கிறீன் தமிழைத் தெரிந்தமைக்குக் கூறிய நியாயமும் கருதத்தக்கது. ஆங்கிலத்திற் கற்றோர் உயர்ந்த ஊதியம் தேடி அரசாங்க உத்தியோகத்துக்குச் சென்றுவிடுவர். தமிழிற் கற்றோர் தம் ஊர்களிலேயே தங்கித் தம் மக்களுக்குப் பணிசெய்வர் என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணத்தில் மதப்பணி நோக்கமும் கலந்திருந்தது. அவர் எண்ணியவாறே அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டோருட் பலர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களிற் பணிபுரிந்தனர். ஆயின் தம் ஊரில் தங்குதல் என்னும் இந்நியாயமே மலையகத்தைப் புறத்தே நிறுத்திற்று. யாழ்ப்பாணத்தானுக்கு ஊர் இருந்தது. ஊரிலே வைத்தியனும் இருந்தான். தோட்டத்துக்கு வந்தவனோ தன் ஊரை விட்டு வந்தவன். அவன் வாழ்ந்த லயத்தை எவரும் ஊரெனக் கருதவில்லை. அதைத் தம் ஊரெனக் கொள்ளும் வைத்தியனும் தோன்றவில்லை.

மற்றுமோர் எல்லையையும் சுட்டவேண்டும். ‘இரண வைத்தியம்’ வெளிவந்த அதே 1867 இல், பிரித்தானிய சத்திர வைத்தியரான ஜோசப் லிஸ்டர் காபோலிக் அமிலத்தாற் புண்ணைத் தூய்மைப்படுத்தும் தம் முறையை ‘லான்செற்’ இதழில் வெளியிட்டார். அதன்பின் அறுவை மருத்துவம் முற்றாக மாறிற்று. எனவே தமிழில் வந்த சத்திர வைத்திய நூல் வந்த ஆண்டிலேயே பழையதாகத் தொடங்கியது எனலாம். அது கிறீனின் குற்றமன்று. மொழிபெயர்ப்பு ஒரு முறை செய்து முடிக்கும் செயலாகாது, தலைமுறைதோறும் புதுக்கப்படவேண்டியது என்பதையே அது காட்டுகின்றது. கிறீன் 1873 இல் தாயகம் திரும்பினார். 1884 இற் காலமானார். 1870 இல் கொழும்பில் ஆரம்பித்த வைத்தியக் கல்லூரியில் ஆங்கிலமே போதனாமொழியாயிற்று. அவ்வளவில் மருத்துவத் தமிழின் ஊற்று வற்றியது. மலையகத்துக்குச் சட்டத்தின் மூலம் வைத்தியர் அனுப்பப்பட்ட காலத்தில், அவர்களைத் தமிழிற் பயிற்றும் இடம் ஒன்றும் நிலைத்திருக்கவில்லை.

‘இங்கே வா’ என்னும் தமிழ்

தோட்டத்தில் வேறொரு தமிழ் வளர்ந்தது. புதிதாக வரும் வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தொழிலாளரிடம் வேலைவாங்குவதற்கு வேண்டிய தமிழைக் கற்பிக்கும் கையடக்க நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கொழும்பில் அச்சிடப்பட்டன. அவற்றுட் பெயர்பெற்றது ஏ. எம். பெர்கூசன் ஆக்கிய ‘இங்கே வா’ என்பதாகும். 1915 இல் வெல்ஸ் என்பவர் ‘கூலித் தமிழ்’ என்னும் பெயரில் இன்னொரு நூலைத் தந்தார். இவற்றை மொழியாராய்ச்சியாளர் வேடிக்கைப் பொருளாக நோக்குவதுண்டு. மருத்துவ வரலாற்றை ஆராய்வோர்க்கு இவை வேடிக்கையல்ல.

‘இங்கே வா’ என்பது ஏவல் ஒருமை வினை. கேட்போனின் விடையை எதிர்பாராத வினை. பிரட்டுக்களத்திலும் மலையிலும் வேலைவாங்க இவ்வினை போதும். நோயாளியிடம் பேச இது போதுமா? ‘நாக்கை நீட்டு’, ‘மருந்தைக் குடி’, ‘போ’ என்ற அளவில் ஒரு சந்திப்பு முடிந்துவிடலாம். எங்கே நோகின்றது, எப்போது தொடங்கிற்று, என்ன உண்டாய், வீட்டில் வேறு யாருக்கு இது உண்டு என வினவுவதற்கும், சொல்லப்படும் விடையை விளங்கிக்கொள்வதற்கும் வேறொரு தமிழ் வேண்டும். கிறீனின் தமிழ் விளக்கும் தமிழெனின், தோட்டத்துத் தமிழ் ஏவும் தமிழ். நோயுற்ற தொழிலாளி இவ்விரண்டுக்கும் இடையில் நின்றான்.

தோட்டத்து டிஸ்பென்சர்மாரிற் தமிழர் பலர் இருந்தனரே என ஒருவர் வினவலாம். உண்மை. அவர்கள் பேசியதும் தமிழே. ஆயினும் அவர்கள் கற்ற மருத்துவம் ஆங்கிலத்தில் இருந்தது; பதிவேட்டில் எழுதியதும் மேலிடத்துக்கு அறிவித்ததும் ஆங்கிலத்திலேயே. தோட்ட உத்தியோகத்தருக்கும் லயத்து மக்களுக்கும் இடையிலிருந்த வகுப்பு, சாதி, பிரதேச இடைவெளியை ஒரே மொழி பேசுதல் மாத்திரம் நிரப்பிவிடவில்லை. அன்றியும், டிஸ்பென்சர் தோட்ட நிருவாகத்தின் ஊழியர். வேலைக்குச் சென்றவருக்குச் செக்ரோலில் ‘பேர்’ விழும், செல்லாதவருக்கு விழாது. நோய் உண்டா இல்லையா என்ற வினா ‘பேர்’ உண்டா இல்லையா என்ற வினாவோடு பிணைந்திருந்த ஓரிடத்தில், நோயாளி சொல்லும் சொல் எப்போதும் ஐயத்துடனேயே கேட்கப்படும். தலையிடி, கைகால் உளைச்சல், மேல்வலி என்பன மருத்துவனின் காதில் நோயின் அறிகுறிகளாகவும், நிருவாகத்தின் காதில் வேலைக்கள்ளத்தின் அறிகுறிகளாகவும் ஒலித்தன.

பேச்சை வேண்டாக் கருவிகள்

இவ்விடத்திற் கருவிகளின் வரலாற்றை இணைத்து நோக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டுக்கு முன்னர் மேலைத்தேய வைத்தியனும் நோயாளியின் வாய்மொழியையே பெரிதும் நம்பினான். 1816 இல் பிரான்சில் லெயனெக் ஸ்டெதஸ்கோப்பை ஆக்கினார். வைத்தியன் நோயாளியின் வாயை விட்டு மார்பைக் கேட்கலானான். 1860களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் கிளிபர்ட் ஓல்பற் சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு வெப்பமானியை அமைத்தார். 1868 இல் ஜேர்மனியின் வுண்டர்லிக் காய்ச்சலின் ஏற்ற இறக்கங்களை நோய்வாரியாக வகுத்து நூல் செய்தார். நுணுக்குக்காட்டி மருத்துவமனைக்குள் வந்தபின் நோயாளியின் இரத்தமும் மலமும் அவனுக்காகப் பேசலாயின. இக்கருவிகள் ஒவ்வொன்றும் நோயறிதலைத் துல்லியமாக்கின என்பதில் ஐயமில்லை. அதேவேளை ஒவ்வொன்றும் நோயாளியின் சொல்லுக்கு இருந்த மதிப்பைச் சிறிது குறைத்தன.

மேலைநாட்டில் இம்மாற்றம் ஒரே மொழி பேசும் வைத்தியனுக்கும் நோயாளிக்கும் இடையில் நிகழ்ந்தது. கருவி பேச்சைக் குறைத்ததேயன்றி அழித்துவிடவில்லை. மலையகத்திலோ பேச்சு முன்னரே குறைந்திருந்தது. ஆதலின் அங்கே கருவி பேச்சின் இடத்தையே எடுத்துக்கொண்டது. அக்குளில் வைத்த வெப்பமானிக்குத் தமிழ் தெரியவேண்டியதில்லை. கொயினா, விளக்கெண்ணெய், பேதியுப்பு எனச் சில மருந்துகளைப் பலருக்கும் பொதுவாக அளந்து கொடுப்பதற்கும் மொழி தேவையில்லை. இத்தகைய மருத்துவம் காய்ச்சலை அறியும், காய்ச்சற்காரனை அறியாது.

இதன் விளைவை மரணப் பதிவேடுகளிற் காணலாம். தோட்ட மரணங்களுக்குக் காரணமாக அக்காலப் பதிவுகளில் அடிக்கடி இடம்பெறும் சொற்களுள் ஒன்று ‘தளர்ச்சி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகும். தளர்ச்சி ஒரு நோயன்று. பல நோய்களின் முடிவு. எதனால் தளர்ந்தான் என்பதை எவரும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் எழுதவில்லை என்பதற்கு அச்சொல்லே சான்று. கருவிகள் வந்த பின்னரும் ஒரு மருத்துவம் இச்சொல்லோடு அமைதி கண்டதாயின், குறை கருவியில் இல்லை எனத் துணியலாம்.

கொளுக்கிப்புழு கற்பித்த பாடம்

மேற்கூறிய கருத்துக்கு மிகத் தெளிவான சான்று கொளுக்கிப்புழு நோயின் வரலாறாகும். இப்புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். நோயாளி வெளிறி, வீங்கி, மூச்சிரைத்து, வேலைசெய்ய இயலாதவனாவான். இதனை 1838 இல் இத்தாலியில் டுபினி கண்டறிந்தார். 1880 இல் சென் கொதார்ட் மலைச்சுரங்கத்தில் வேலைசெய்த இத்தாலியத் தொழிலாளரிடையே பரவிய கடும் இரத்தசோகைக்கு இப்புழுவே காரணமெனப் பெறோன்சித்தோ நிறுவினார். இலங்கையின் பிரதம குடிசார் வைத்திய அதிகாரியாயிருந்த வில்லியம் கின்சி 1887 இல் வெளியிட்ட அறிக்கையோ ‘இரத்தசோகை அல்லது பெரிபெரி’ என இரட்டைப் பெயர் தாங்கி நின்றது. அப்பெயர்களுக்குள் அடக்கப்பட்டிருந்த நோயாளர் பலர் உண்மையிற் கொளுக்கிப்புழுவுக்கு இரையானோர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1898 இல் கெய்ரோவில் லூஸ் தம் கையில் தற்செயலாகச் சிந்திய குடம்பிகள் தோலைத் துளைத்து உட்செல்வதைக் கண்டார். ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரை இந்நோய் ஏன் பற்றுகின்றது என்பது அதன் பின்னரே விளங்கிற்று.

வெறுங்காலும் ஈரமண்ணும் தோட்டத்தின் அன்றாடக் காட்சிகள். கழிவறையற்ற லயங்களைச் சூழவிருந்த நிலமே புழுவின் விளைநிலமாயிற்று. 1912 இல் மருத்துவத் தேவைகள் பற்றியும் தொழிலாளர் நோய்கள் பற்றியும் இரு கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் 1916 இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. தொழிலாளரின் மலம் சிறு தகரப் பேணிகளிற் சேகரிக்கப்பட்டு நுணுக்குக்காட்டியினடியில் வைக்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோரிடம் புழுவின் முட்டைகள் காணப்பட்டன. பேதியுப்பு, பட்டினி, செனப்போடியம் எண்ணெய், மீண்டும் பேதியுப்பு என்பது சிகிச்சையின் ஒழுங்கு. செனப்போடியம் அளவு மிஞ்சின் நஞ்சாகும் மருந்து.

நுணுக்குக்காட்டி தன் கடமையைச் செவ்வனே செய்தது. முட்டைகளை எண்ணிற்று, கின்சி காலத்துப் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்தது. ஆயின் மருந்துண்டு தேறியவர் அதே மண்ணில் மீண்டும் நடந்தபோது மீண்டும் நோயுற்றனர். இதனைத் தடுக்க இரண்டு வேண்டும். முதலாவது, லயந்தோறும் கழிவறை. அதற்குப் பணம் வேண்டும். பணம் தோட்ட உரிமையாளரிடம் இருந்தது. மருந்தினால் வேலைநாள் இழக்கப்படுவதைக் கண்டே முணுமுணுத்தவர்கள் கழிவறைக்குச் செலவிட எளிதில் இசையவில்லை. இரண்டாவது, புழு எவ்வாறு காலினூடாக ஏறுகின்றது என மக்கள் அறிதல். கண்ணுக்குப் புலனாகாத குடம்பி தோலைத் துளைக்கும் என்பதைப் பிரட்டுக்களத்துக் கட்டளையாற் புரியவைக்க இயலாது. அதற்குக் காரணம் சொல்லும் தமிழ் வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன் மானிப்பாயில் அச்சேறிய தமிழின் தேவை அன்றுதான் தோட்டத்தில் மிகக் கூர்மையாக உணரப்பட்டிருக்கவேண்டும். அதனைக் கையிலெடுக்க அங்கே ஒருவரும் இலர்.

வந்தவர் கொணர்ந்த மருத்துவம்

இதுவரை கூறியவற்றால் லயத்து மக்கள் மருத்துவமறியாதவராய் வந்தனர் என எவரும் கொள்ளலாகாது. அவர்கள் தம் மூட்டையோடு ஒரு மருத்துவத்தையும் கொணர்ந்தனர். குழந்தைக்குக் கடுக்காய், மாசிக்காய், வசம்பு, சுக்கு முதலியவற்றைக் கல்லில் இழைத்துக் கொடுக்கும் உரைமருந்து, மருந்தும் பாலும் புகட்டும் சங்கு, கஷாயச் சட்டி, அம்மி, வேப்பிலை, மஞ்சள் என அதன் கருவிகள் யாவும் வீட்டுக் கருவிகளே. வசம்புக்குப் ‘பிள்ளைவளர்ப்பான்’ என்ற பெயரும் உண்டு. பிள்ளைப்பேறு மருத்துவச்சியின் கையில் இருந்தது. இம்மருத்துவத்தின் தனிச்சிறப்பு அது நோயாளியோடு பேசிற்று என்பதாகும். நோய்க்குப் பெயரிட்டது, அப்பெயர் நோயாளிக்கும் அவனைச் சூழ்ந்தோர்க்கும் விளங்கிற்று.

அம்மை நோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1802 இலேயே இலங்கைக்கு வந்துவிட்ட பால்குத்தும் முறையைத் தமிழர் ‘அம்மை குத்துதல்’ என வழங்கினர். தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் கொண்டிருந்த மக்கள், ஊசியைத் தம் சமய உலகுக்குள் ஏற்று அதற்குத் தம் மொழியிற் பெயரும் இட்டனர். அரசாங்கம் செய்யாத மொழிபெயர்ப்பை மக்களே செய்துகொண்டனர் எனின் மிகையாகாது.

ஒரே பொருள் இடத்துக்கிடம் வேறுபடுவதற்கும் மலையகம் சான்று தருகின்றது. தமிழ் மருத்துவ மரபில் அட்டை விடுதல் ஒரு சிகிச்சை. கெட்ட இரத்தத்தை நீக்கும் உயிருள்ள கருவி அது. மழைக்காலத்து மலையில் அட்டை தொழிலாளியின் காலைத் துளைக்கும் பகை. இது நீரில் வாழும் மருத்துவ அட்டையின் வேறான காட்டு அட்டை இனம். கடிவாய்கள் புண்ணாகி ஆறாதிருந்த துன்பத்தை அக்காலத்தவர் பலர் குறித்துள்ளனர். சுண்ணாம்பும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு மலையேறிய பெண்கள் தமக்குத் தாமே வைத்தியராயினர்.

ஆயினும் இம்மரபை மிகைப்படப் போற்றுதலும் ஆராய்ச்சியாகாது. தூய்மையற்ற கருவியால் தொப்புட்கொடி அறுக்கப்பட்ட சிசுக்கள் ஏற்புவலியால் மாண்டன. வாந்திபேதிக்கு உரைமருந்து விடையாகவில்லை. இங்கே மொழி இருந்தது. ஏற்ற கருவி இல்லை. டிஸ்பென்சரியிற் கருவி இருந்தது. ஏற்ற மொழி இல்லை. லிஸ்டரின் தூய்மைக் கொள்கை மருத்துவச்சிக்கு அவள் மொழியில் எட்டியிருப்பின், கொதிநீரும் சுத்தமான அலகுமே பல உயிர்களைக் காத்திருக்கும். அவற்றுக்கு நுணுக்குக்காட்டியும் வேண்டியதில்லை, பெருஞ்செலவும் வேண்டியதில்லை. அவளுக்குச் சொல்லவல்ல நூலும் தமிழில் இருந்தது. பிரசவ வைத்தியம் பற்றிய நூலொன்றைக் கிறீன் 1857 இலேயே தமிழில் வெளியிட்டிருந்தார். காலத்துக்கேற்ப அதனைப் புதுக்கி, எழுத்தறியாதோர்க்கு வாய்மொழியாக எடுத்துச் செல்லும் ஏற்பாடு மாத்திரமே இல்லாதிருந்தது.

மூவகை வாசிப்புகள்

மலையக மருத்துவத்தை இதுவரை மூவகையாக வாசித்துள்ளனர் எனலாம். முதலாவது, தோட்டத்துரைமாரும் அரசாங்க அறிக்கைகளும் தந்த வாசிப்பு. இத்தனை வைத்தியசாலைகள், இத்தனை டிஸ்பென்சரிகள், இத்தனை அவுன்ஸ் கொயினா எனக் கணக்கிட்டு அதனை நன்மையெனக் கொள்வது இது. கொடுத்ததை எண்ணும் இவ்வாசிப்பு சென்றடைந்ததை எண்ணுவதில்லை. இரண்டாவது, அதற்கு மறுதலையானது. தோட்ட மருத்துவம் முழுவதும் உழைப்பைச் சுரண்டுவதற்கான சூழ்ச்சியே எனக் கூறுவது. உழைப்பாளி உடல்நலத்தோடு இருந்தாற்றான் கொழுந்து பறிக்கமுடியும் என்ற கணக்கு அம்மருத்துவத்தின் பின்னணியில் இருந்தது உண்மையே. ஆயினும் கொயினாவால் மலேரியாவிலிருந்து பிழைத்த தாய்க்கு அது சூழ்ச்சியாக மாத்திரம் இருந்திராது. அவள் பிழைத்ததையும் வரலாறு எழுதவேண்டும். மூன்றாவது, தமிழ்ப் பெருமையின் வாசிப்பு. மருத்துவத் தமிழின் தொன்மையைப் போற்றும் இது, அத்தமிழ் எவருக்கு மிகத் தேவையாயிருந்ததோ அவரிடம் ஏன் செல்லவில்லை என வினவுவதில்லை. 1911 குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாயிருந்தனர். மானிப்பாயிலிருந்து ஹட்டன் கடல்கடந்த தூரத்தில் இல்லை. இடையிலிருந்தது சமூகத் தூரம். இதனைக் கூறாத மருத்துவத் தமிழ் வரலாறு பாதி வரலாறே.

இம்மூன்றிலும் விடுபட்டது நோயாளியின் சொல். சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தேடித்தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் இலக்கியச் செல்வமாக ஏற்கப்பட்டுள்ளன. அவற்றை மருத்துவ வரலாற்றின் ஆவணமாகவும் வாசித்தல் தகும். தாலாட்டும் ஒப்பாரியும் நோயை, பசியை, சாவை அவற்றை அனுபவித்தவரின் மொழியிற் பதிந்து வைத்தவை. பதிவேடு ‘தளர்ச்சி’ என ஒரு சொல்லில் முடித்ததை, ஒப்பாரி இறந்தவரின் பெயர் சொல்லி விரித்துரைக்கும்.

இனிச் செய்யவேண்டுவன

இவ்வினாக்கள் கடந்த காலத்துக்கு மாத்திரம் உரியனவல்ல. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் மருத்துவம், நாட்டின் பொதுச் சுகாதார சேவை விரிந்த காலத்திலும், பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1990களிலிருந்து தோட்ட மருத்துவமனைகள் சில அரசாங்க சேவையிற் சேர்க்கப்பட்டன. 2017 இல் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை டிக்கோயாவிற் திறக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. தமிழ் 1987 முதல் அரசகரும மொழியுமாகும். ஆயினும் மலையக வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் வைத்தியரும் தாதியரும் போதாமை இன்றும் தீராத குறையாகும். மருந்துச் சிட்டை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. தன் நோயைச் சொல்ல உடன்வந்த பிள்ளையையோ அயலாரையோ நாடும் தாய்க்கு, சொல்லத்தகாத நோயொன்று வரின் என்ன செய்வாள்? நிழற்படக் கருவியும் இரத்தப் பரிசோதனையும் பழைய வெப்பமானியினும் எத்தனையோ மடங்கு கூர்மையானவை. அக்கூர்மை அவள் சொல்லாதுவிட்டதைக் கண்டுபிடிக்கும் என எவரும் உறுதிகூற இயலாது.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவரும் விரிவுரையாளரும் இதிற் செய்யத்தக்க பணிகள் மூன்று உள. தோட்டத்து டிஸ்பென்சரிகளில் எஞ்சியிருக்கக்கூடிய பழைய பதிவேடுகள், மருந்துப் பெட்டிகள், தராசுகள், குடுவைகள் என்பவற்றைக் கறையானும் பழைய இரும்புக்காரரும் கொண்டுபோகுமுன் தேடிப் பாதுகாத்தல் முதலாவது. பொலன்னறுவையின் இடுக்கிக்கு நூதனசாலையில் இடமுண்டெனில், பாட்டிமார் கையாண்ட சங்குக்கும் உரைகல்லுக்கும் இடமிருத்தல் வேண்டும். நோயைக் குறிக்க மலையக மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றின் மருத்துவப் பொருளோடு அகராதியாக்கல் இரண்டாவது. தமிழாசிரியரும் வைத்தியரும் ஒருங்கிருந்து செய்யவேண்டிய பணி இது. பேராதனையில் 1962 இலிருந்து மருத்துவபீடமும் உண்டு; தமிழ்த்துறையும் உண்டு; இரண்டிற்கும் இடையிலான தூரம் நடந்து கடக்கக்கூடியது. கிறீனின் நூல்களை வாழ்த்துரையோடு நிறுத்தாது, எவை இன்றும் பயன்படும் சொற்கள், எவை வழக்கிழந்தவை, எவை மக்கள் நாவில் ஏறத்தக்கவை என ஆராய்ந்து, இன்றைய நோயாளிக்கு உதவும் தமிழை ஆக்குதல் மூன்றாவது.

மலையேறிய கருவிகளைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் பல. அக்கருவியின் முன் அமர்ந்திருந்தவர் என்ன சொன்னார் என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை. அதனைக் கேட்டறிந்தவர் சிலர் இன்றும் லயங்களில் முதியோராக வாழ்கின்றனர். அவர்களிடம் சென்று கேட்பதற்குத் தமிழ் தெரிந்திருந்தாற் போதும்.